நிலவறையில் தண்ணீரா? சுவரைத் தொடும் முன் வெளியே போய்ப் பாருங்கள்

நிலவறை உள்ள வீட்டில் முதன்முதலாகக் குடியேறுகிறவர்கள் பலர் ஒரே தவறைச் செய்கிறார்கள். சுவரில் ஈரம் தெரிந்ததும் வாட்டர்புரூஃப் பெயின்ட் வாங்கி வந்து உள்பக்கம் அடித்துவிடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு கோட் அடித்து, சுவர் பளிச்சென்று ஆனதும் வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்தியபோது உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் மணிக்கட்டு வரை வழிந்தது. காரணம் அப்புறம்தான் தெரிந்தது. கூரைத் தண்ணீரை இறக்கும் குழாயின் கடைசி வளைவு ஒரு புதருக்குப் பின்னால் கழன்று கிடந்தது. பெய்த மழையெல்லாம் நேராகச் சுவரின் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது.

வளைவைத் திரும்பப் பொருத்தி, அதன் வாயில் ஒரு நீட்டுக்குழாயையும் மாட்டினேன். அந்த மூலை காய்ந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரையை வெளியிலிருந்து உள்ளே வரும் வரிசையில் எழுதுகிறேன். வேலையையும் அதே வரிசையில் செய்யுங்கள்.

ஒரு சொல்லைப் பற்றி முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கட்டட வேலையில் சிலர் பேஸ்மென்ட் என்று சொல்வது தரைமட்டத்துக்கு மேலே எழுப்பும் பீடத்தை. நான் பேசப்போவது தரைக்குக் கீழே, சுற்றிலும் மண் சூழ இருக்கும் அறையைப் பற்றி.

<b>தண்ணீர் எந்த வழியாக வருகிறது?</b>

நிலவறை ஈரத்துக்கு மூலம் ஐந்து இருக்கலாம். கூரையிலும் முற்றத்திலும் விழும் மழை சுவரோரம் தேங்கி இறங்குவது முதலாவது. நிலத்தடி நீர்மட்டம் ஏறி, தரைக்கு அடியிலிருந்து தள்ளுவது இரண்டாவது. வீட்டுக்குள்ளேயே ஒரு குழாயோ வாட்டர் ஹீட்டரோ வாஷிங் மெஷின் ஹோஸோ கசிவது மூன்றாவது. கழிவுநீர்க் குழாய் நிரம்பி எதிர்த்து வருவது நான்காவது. ஐந்தாவது கசிவே இல்லை, காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் பட்டு வியர்ப்பது.

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. வியர்க்கிற சுவருக்கு வெளியே பள்ளம் தோண்டினால் பயனில்லை. நீர்மட்டம் ஏறியதால் வரும் தண்ணீருக்கு விரிசலைப் பூசினால், அது பக்கத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். மழை தொடங்கிய சில மணி நேரத்தில் ஒரு குறிப்பிட்ட சுவரில் மட்டும் ஈரம் வந்தால் கூரைத் தண்ணீர் அல்லது தரை வாட்டம், அதாவது வெளியே தரை சரியும் விதம், காரணமாக இருக்கலாம். மழை விட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து, சுவரும் தரையும் சேரும் மூட்டில் சுற்றிலும் ஊறினால் நீர்மட்டம் ஏறியிருக்கிறது. மழையே இல்லாத நாளிலும் ஈரம் இருந்தால் வீட்டுக் குழாய்களைச் சந்தேகப்படுங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டரைப் பார்த்து வைத்து, இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் புழங்காமல் இருந்து மறுபடி பாருங்கள். முள் நகர்ந்திருந்தால் எங்கேயோ கசிகிறது.

சுவரில் வெள்ளையாக மாவு போல உப்பு பூத்திருந்தால், அந்த இடத்தில் தண்ணீர் சுவரை ஊடுருவி வந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கான்கிரீட்டிலும் செங்கலிலும் உள்ள உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து, தான் ஆவியாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போகிறது. பார்க்கும்போது தரை காய்ந்திருந்தாலும் இந்த அடையாளம் பொய் சொல்லாது. வீடு வாங்குகிறவர்கள் இதை மறக்காமல் பார்க்க வேண்டும்.

<b>முதல் வேலை: மழையில் வெளியே நில்லுங்கள்</b>

காய்ந்த நாளில் நூறு முறை சுற்றி வந்தாலும் தெரியாத விஷயம், மழை பெய்யும்போது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இடி மின்னல் இல்லாத மழையாகப் பார்த்து, குடையை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு முறை மெதுவாகச் சுற்றுங்கள். கூரை ஓரத்துப் பீலி, அதாவது மழைநீரை ஏந்திக் குழாய்க்கு அனுப்பும் வாய்க்கால், எந்த இடத்தில் நிரம்பி வழிகிறது? கீழே இறங்கும் குழாயின் வாயிலிருந்து தண்ணீர் வருகிறதா, அல்லது நடுவில் உள்ள மூட்டிலேயே ஒழுகிவிடுகிறதா? கொட்டிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

சுவரோரத்தைக் குனிந்து பாருங்கள். பீலி வழிகிற இடத்துக்கு நேர் கீழே மண் குழிந்து, பொடிக் கற்கள் மட்டும் மேலே தெரியும். அந்தக் குழிக்குள் தண்ணீர் நின்று, குமிழி விட்டுக்கொண்டே இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அப்படி ஓர் இடம் அகப்பட்டால், செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கி அதே இடத்து உள்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கறை இருக்கும்.

<b>கசிவா, வியர்வையா?</b>

இதற்கு ஒரு எளிய சோதனை. ஈரமாகத் தெரியும் சுவரில் ஓர் இடத்தைத் துணியால் துடைத்துக் காய வையுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் அலுமினியத் தாளை வெட்டி, நாலு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டிவிடுங்கள். ஒன்று அல்லது இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம், நனைந்திருந்தால் அது காற்றிலிருந்து வந்த ஈரம். உரித்துப் பார்க்கும்போது சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் சுவர் வழியாக ஊறுகிறது. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் இரண்டும்தான்.

வியர்வை ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால் தீர்வும் தானாகவே புரியும். குளிர்ந்த தண்ணீர் வைத்த சொம்பின் வெளியே துளித்துளியாக நீர் கோத்துக்கொள்வது போலத்தான் இதுவும். வெளியே 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, சுமார் 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தண்ணீராகத் தொடங்கிவிடும். மண்ணை ஒட்டிய நிலவறைச் சுவர் 20 டிகிரியில் இருந்தால் சொல்ல வேண்டியதே இல்லை. வெக்கையும் புழுக்கமுமான நாட்களில், காற்றோட்டம் வேண்டும் என்று நிலவறை ஜன்னலைத் திறந்து வைக்கிறவர்கள் ஈரத்தை வரவேற்று உள்ளே உட்கார வைக்கிறார்கள். அந்த நாட்களில் ஜன்னலை மூடுங்கள். ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றை ஓட விடுங்கள். அதன் தண்ணீர்த் தட்டைத் தினமும் கொட்டிக்கொண்டிருக்க முடியாது, ஒரு ஹோஸை மாட்டி வடிகாலுக்கு விட்டுவிடுவது நல்லது. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை அங்கேயே தொங்கவிட்டு, 50 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். 60-ஐத் தாண்ட விடக் கூடாது, பூசணத்துக்கு அதுதான் பிடிக்கும். துணி உலர்த்தும் இயந்திரத்தின் ஈரக்காற்றை வெளியேற்றும் குழாய் கழன்று நிலவறைக்குள்ளேயே ஊதிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

<b>கூரைத் தண்ணீரும் தரை வாட்டமும்</b>

கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கணக்கைப் பாருங்கள். 1000 சதுர அடிக் கூரை மேல் 1 அங்குல மழை பெய்தால் சுமார் 2360 லிட்டர் தண்ணீர். இது இரண்டு மூன்று குழாய் வழியாக, இரண்டு மூன்று இடத்தில் மட்டும் இறங்குகிறது. பீலி அடைத்துக்கொண்டால் அந்த முழுத் தண்ணீரும் சுவரோடு வழிந்து அஸ்திவாரத்தைத் தேடிப் போகும்.

பீலியை வருடத்துக்கு இரண்டு முறையாவது சுத்தம் செய்யுங்கள். மரங்கள் கூரைக்கு மேல் கவிந்திருந்தால் இரண்டு முறை போதாது. இலையை அள்ளிப் போட்டதோடு நிறுத்தாமல், ஹோஸ் வைத்துத் தண்ணீர் விட்டு, கீழே குழாயில் தடையில்லாமல் வருகிறதா என்று பாருங்கள். ஏணியில் ஏறும்போது கீழே ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்கட்டும். இறங்கும் குழாயின் வாய் சுவரிலிருந்து குறைந்தது 6 அடி தள்ளி இருக்க வேண்டும், 10 அடி என்றால் இன்னும் நல்லது. சுவரோரத்தில் ஒரு சிமெண்ட் பலகையை மட்டும் வைத்துவிட்டுப் போனால் பெருமழைக்குத் தாங்காது.

அடுத்தது வாட்டம். வீட்டைக் கட்டும்போது அஸ்திவாரத்துக்காகத் தோண்டிய பள்ளத்தை, சுவர் எழுப்பிய பின் அதே மண்ணைப் போட்டு மூடுவார்கள். அந்த மண் ஒருநாளும் பக்கத்துப் பழைய மண் போலக் கெட்டியாக இருக்காது. வருடக் கணக்கில் மெல்ல அமுங்கி, வீட்டைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்துவிடும். சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அந்தப் பள்ளத்துக்கே வந்து சேரும். முன்பு ஈரமே இல்லாத வீட்டில் பத்து வருடம் கழித்து ஓதம் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு 6 அங்குலம் தரை இறங்க வேண்டும். அளப்பது சுலபம். சுவரை ஒட்டி ஒரு குச்சி, 10 அடி தள்ளி ஒரு குச்சி நட்டு, இடையில் நூல் கட்டி, ரசமட்டத்தால் நூலைச் சமம் செய்துகொள்ளுங்கள். இரண்டு முனையிலும் நூலுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து கழித்தால் வாட்டம் தெரிந்துவிடும். குறைவாக இருந்தால் களிப்பான மண்ணைப் போட்டு, அடுக்கடுக்காகத் திமிசு போட்டுக் கெட்டிப்படுத்துங்கள். மணலோ ஜல்லியோ போடாதீர்கள். பார்ப்பதற்கு மேடாகத் தெரியும், தண்ணீர் அதற்குள் புகுந்து நேராகக் கீழே இறங்கிவிடும். மண்ணைச் சுவரில் மிக உயரமாகவும் ஏற்றக் கூடாது. மரச்சட்டமோ மேல்சுவரோ தொடங்கும் இடத்துக்குக் கீழே 6 அங்குலமாவது அஸ்திவாரச் சுவர் வெளியே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மரம் உளுத்துப்போகும், கரையானும் ஏறும்.

சுவரோரத்துப் பூச்செடிப் பாத்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓரத்தில் கல் அடுக்கிக் கரை கட்டிய பாத்தி, தண்ணீரை வெளியேற விடாத தொட்டிதான். தினமும் அதற்குப் பாய்ச்சும் தண்ணீரும் நிலவறைக்கே போகிறது. பாத்தியைச் சில அடி தள்ளிப் போடுங்கள். அதேபோல, நடைபாதைக் கல்லோ கான்கிரீட் தளமோ சுவர்ப் பக்கமாகச் சாய்ந்திருந்தால் அதைத் தூக்கி நிறுத்தியே ஆக வேண்டும். தளத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கை சீலன்ட் போட்டு அடையுங்கள். நிலவறை ஜன்னலுக்கு வெளியே உள்ள குழியில் சருகு சேர்ந்தால் அது கிணறாகிவிடும். அள்ளி எடுத்து, அடியில் ஜல்லி போட்டு, மேலே ஒரு மூடியும் போடுங்கள்.

இவ்வளவையும் செய்துவிட்டு இரண்டு மூன்று பெருமழை பாருங்கள். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

<b>விரிசல்கள்</b>

எல்லா விரிசலும் ஆபத்தில்லை. கான்கிரீட் காயும்போது சுருங்குவதால் மேலிருந்து கீழாக முடி போல மெல்லிய விரிசல் விழுவது சகஜம். பயப்பட வேண்டியது படுக்கை வசமாக ஓடும் விரிசலுக்கும், செங்கல் அல்லது பிளாக் சுவரில் படிக்கட்டு போல ஏறும் விரிசலுக்கும்தான். வெளியே ஊறிய மண் சுவரைத் தள்ளுகிறது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். தண்ணீர் 1 மீட்டர் உயரம் நின்றாலே அடிப்பகுதியில் ஒரு சதுர மீட்டருக்கு 1000 கிலோ அழுத்தம் இருக்கும். சுவர் உள்பக்கம் உப்பியிருந்தாலோ, விரிசலின் இரண்டு விளிம்பும் மேடு பள்ளமாக விலகியிருந்தாலோ பூச்சு வேலை எதுவும் செய்யாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

விரிசல் வளர்கிறதா என்று தெரியாவிட்டால், இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். சில மாதம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் நகர்கிறது.

நகராத விரிசலை அடைக்க மூன்று வழி உண்டு. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடைக்க வேண்டும் என்றால் ஹைட்ராலிக் சிமெண்ட். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும் என்பதால் கைப்பிடி கைப்பிடியாகத்தான் குழைக்க வேண்டும். விரிசலை உளியால் வெட்டும்போது வாய் குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் வெட்டினால் சிமெண்ட் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் அதைத் தள்ள முடியாது. இரண்டாவது, பாலியூரிதேன் என்ற பிசினை ஊசி போல விரிசலுக்குள் செலுத்துவது. ஈரத்தோடு சேர்ந்து நுரைத்து விரிசலின் முழு ஆழத்தையும் நிரப்பும், கொஞ்சம் நெகிழ்ந்தும் கொடுக்கும். மூன்றாவது எபாக்சி என்ற கெட்டிப் பிசின். காய்ந்த விரிசலுக்கு இது, சுவருக்குப் பழைய பலத்தைத் திருப்பித் தரும், ஆனால் நெகிழாது. சுவரைத் துளைத்து உள்ளே வரும் குழாய், கேபிள் இவற்றைச் சுற்றியுள்ள இடுக்கையும் விட்டுவிடாதீர்கள்.

<b>நீர்மட்டம் ஏறினால்: வடிகாலும் பம்பும்</b>

வெளியே எல்லாம் சரி செய்தும் சுவர் - தரை மூட்டில் ஊறிக்கொண்டே இருந்தால், தண்ணீருக்கு ஒரு வழி அமைத்துக் கொடுப்பதுதான் தீர்வு. வெளியே அஸ்திவாரம் வரை தோண்டி, சுவருக்கு நீர்த்தடுப்புப் படலம் ஒட்டி, அடியில் துளைக்குழாய் பதித்து ஜல்லியால் மூடுவது ஒரு முறை. மிகவும் நல்ல முறை, பெரிய வேலை. உள்ளேயே தரை ஓரத்தை வெட்டித் துளைக்குழாய் பதித்து, ஒரு குழிக்குக் கொண்டுவந்து பம்ப் வைத்து வெளியேற்றுவது இன்னொரு முறை. இரண்டையும் அனுபவமுள்ள ஆட்களிடம் விடுங்கள். ஒப்பந்தம் போடும் முன் எந்த மூலத்திலிருந்து தண்ணீர் வருகிறது என்று அவர்களை விளக்கச் சொல்லுங்கள். வெளியே வந்து பார்க்காமலே விலை சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

பம்ப் குழியைச் சம்ப் என்பார்கள். குடிநீர் சேமிக்கும் சம்ப் நிறைந்திருக்க வேண்டியது, இது காலியாக இருக்க வேண்டியது. பம்பைப் பராமரிப்பது வீட்டுக்காரர் வேலை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். மிதவை எழும்பி, பம்ப் ஓடி, தண்ணீரை இறக்கி, தானாக நிற்க வேண்டும். மிதவை குழியின் பக்கச் சுவரில் உரசிச் சிக்கிக்கொள்கிறதா என்று கவனியுங்கள், பம்ப் ஓடாமல் போவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். பம்ப் நின்றதும் குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பக் குழிக்குள்ளேயே விழுந்தால் நான்-ரிட்டர்ன் வால்வு கெட்டிருக்கிறது அல்லது வைக்கவே இல்லை. வெளியேற்றும் குழாயின் வாய் வீட்டை விட்டு நன்றாகத் தள்ளி இருக்கட்டும். சுவரோரம் கொட்டினால் அதே தண்ணீரைத் திரும்பத் திரும்ப இறைத்துக்கொண்டிருப்பீர்கள். கழிவுநீர்க் குழாயில் இதை இணைப்பதற்குப் பல ஊர்களில் தடை உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். பனி உறையும் நாடுகளில் அந்த வாய் உறைந்து அடைத்துக்கொள்ளும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பெருமழையும் மின்வெட்டும் ஒன்றாகத்தான் வரும். பம்ப் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில் அது நின்றுபோகும். அதனால் பேட்டரியில் ஓடும் இரண்டாவது பம்ப் ஆடம்பரமில்லை. குழிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு ஈர அலாரம் வைத்துவிடுங்கள்.

கழிவுநீர் எதிர்த்து வரும் வீடுகளுக்கு, வெளியே போகும் குழாயில் ஒருவழி வால்வு பொருத்தலாம். ஒன்று மட்டும் மறந்துவிடக் கூடாது. வெள்ளத்தின்போது வால்வு மூடிக்கொண்டால் வீட்டிலிருந்தும் தண்ணீர் வெளியே போகாது. அந்த நேரத்தில் குளித்தாலோ, கழிவறையில் தண்ணீர் விட்டாலோ, உங்கள் தண்ணீரே நிலவறையில் பொங்கும்.

சாமான்களைப் பொறுத்தவரை சுருக்கமாக: எதையும் தரையில் வைக்காதீர்கள், சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள், அட்டைப்பெட்டி வேண்டாம். பத்திரங்களும் பழைய புகைப்படங்களும் மாடிக்குப் போகட்டும். காப்பீடு இருந்தால் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். உள்குழாய் உடைவது, வெளியிலிருந்து வெள்ளம் வருவது, கழிவுநீர் எதிர்த்து வருவது மூன்றையும் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள்.

<b>தண்ணீர் புகுந்துவிட்டால்</b>

படியில் இறங்கும் முன் நில்லுங்கள். தண்ணீர் பிளக் பாயிண்டையோ மின் சாதனத்தையோ தொட்டிருக்கலாம். காய்ந்த இடத்தில் நின்றபடி மெயினை அணைக்க முடிந்தால் அணையுங்கள். மெயின் பெட்டியே நிலவறையில், தண்ணீருக்கு நடுவே இருந்தால் நீங்கள் போக வேண்டாம், மின்துறை ஆட்களைக் கூப்பிடுங்கள். கேஸ் வாடை அடித்தால் எல்லாரும் உடனே வெளியே. பெட்ரோலில் ஓடும் ஜெனரேட்டரையோ பம்பையோ நிலவறைக்குள் வைத்து ஓட்டவே கூடாது, அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

ஆழமாகத் தண்ணீர் நின்றால், பதற்றத்தில் ஒரே மூச்சில் இறைத்துவிடத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். வெளியே மண் ஊறிப்போய்ச் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது, உள்ளே நிற்கும் தண்ணீர்தான் பதிலுக்குத் தாங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே மட்டும் சட்டென்று காலி செய்தால் சுவர் இடிந்து உள்ளே விழலாம், தரை மேலே எழும்பலாம். வெளியே தேங்கிய வெள்ளம் வடிந்த பிறகு தொடங்கி, நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இறைத்து, சுவரில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் பார்த்துத் தொடருங்கள். இரவில் மட்டம் மறுபடி ஏறியிருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

தண்ணீர் போனதும் நேரம் முக்கியம். நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூசணம் பிடிக்கத் தொடங்கிவிடும். எதையும் தூக்கிப்போடும் முன் காப்பீட்டுக்காகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்த கார்ப்பெட், மெத்தை, பஞ்சுபோன்ற இன்சுலேஷன் இவற்றைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், கழிவுநீர் கலந்திருந்தால் நிச்சயமாக வேண்டாம். ஜிப்சம் பலகைச் சுவர் நனைந்திருந்தால் நீர்க்கறைக்கு ஒரு அடி மேலே வரை வெட்டி எடுத்துவிட்டால்தான் பின்னால் உள்ள சட்டம் காயும். கையுறை, பூட்ஸ், முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். பிளீச்சிங் திரவத்தை வேறு எந்தக் கிளீனரோடும் கலக்காதீர்கள், அம்மோனியாவோ ஆசிடோ பட்டால் நச்சு வாயு வரும்.

மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் கருவியும் நாள்கணக்கில் ஓட வேண்டியிருக்கும். தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம், கான்கிரீட் உள்ளுக்குள் ஈரத்தை வாரக்கணக்கில் வைத்திருக்கும். அதே அலுமினியத் தாளை மறுபடி ஒட்டிப் பாருங்கள். சுவர்ப் பக்கம் காய்ந்தே இருந்து, ஒரு முழு மழைக்காலமும் அப்படியே கடந்த பிறகு, பெயின்ட் டப்பாவைத் திறக்கலாம்.